என் பெயரில் எடுத்த படம்

மலாக்கா
18 ஜனவரி 1956

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி அப்புசாமி வணக்கம் சொல்லி எழுதுவது.

பொங்கலுக்கு நீ கொடுத்தனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்த அன்றே தீர்ந்துபோனது. அச்சாபீஸில் நாலு பேர் இருக்கிறோம், நாலு பேருக்கும் நல்ல பல். நான் சுகம். நீயும் ஜெயாவும் சின்னவளும் சுகமா? மழையில் பிடித்த உன் இருமல் விட்டதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கவுன்சிலர் அங்கமுத்து என்று ஒருவர் இருக்கிறார். முன்பு தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக மருந்து கொடுத்து, புண் கட்டியவர். வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்று ஜெயித்தார். கவுன்சிலில் எதிர்க்கட்சி வரிசையில் அவரையும் சேர்த்து மூன்று பேர். மற்ற இருவர் தூங்காத நாளில்தான் மூன்று. அவருடைய தமிழ் நோட்டீஸ்களுக்கு எழுத்துக் கோர்ப்பது நான்தான். சென்ற வாரம் புரூப் கொடுக்கப் போனவன், பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து அவர் பேச்சை முழுசாகக் கேட்டேன்.

காட்டுக் கம்யூனிஸ்டுகள் பயம் தீர்ந்தது என்று நம் பக்கத்தை வெள்ளைப் பகுதியாக அறிவித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரடங்கு போனது, அரிசிக் கட்டுப்பாடு போனது. ஆனாலும் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றிப் போட்ட கம்பிவேலிக்கும், அதில் மாட்டிய விளக்குக்கும், ஆள் இல்லாத காவல் கொட்டகைக்கும் அவசரகாலச் செலவு என்று இன்னும் பணம் ஒதுக்குகிறார்கள். அதைத்தான் பிடித்துக்கொண்டார். கவுன்சிலில் இங்கிலீஷில் பேசியதை நோட்டீஸுக்காகத் தமிழில் எனக்குச் சொன்னார்:

“யாரு உள்ள வரக்கூடாதுன்னு தம்பி இந்த வேலி? காட்டுல இருந்தவன் இந்தப் பக்கம் வர்றதில்ல. சயரோகம் வேலிக்கு உள்ளதான் இருக்கு. ஒருத்தன் நோவு முத்தி ஒன்றரை வருஷம் ஆஸ்பத்திரியில படுக்கிற செலவுல, ஆயிரம் பேரு நெஞ்சப் படம் புடிச்சுப் பார்த்துடலாம். வேலிக்குப் பெயிண்ட் அடிக்கிற காச எடுத்து எக்ஸ்ரே வண்டி வாங்குங்கன்னு கேட்டேன்.”

அரசாங்கப் பக்கத்திலிருந்து ஒருவர், “வண்டியை யார் ஓட்டுவது? நீங்களா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்காமல், “லைசென்ஸ் இருக்கிறது. தோட்டத்தில் பிரேக் இல்லாத ஆம்புலன்ஸே ஓட்டியிருக்கிறேன்” என்றார். 

இப்படி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை அக்கா. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் தம்பி
அப்புசாமி


செருலிங் தோட்டம், ரெம்பியா
9 பிப்ரவரி 1956

தம்பி அப்புசாமிக்கு அக்கா குஞ்சம்மா ஆசி கூறி எழுதுவது.

மாரியாத்தா புண்ணியத்தில் எல்லோரும் சுகம். நீ இரண்டு பக்கம் எழுதியதில் ஒன்றரைப் பக்கம் அந்தக் கவுன்சிலர். உனக்குப் பெண் பார்க்கச் சொல்லி நாலு தோட்டத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். இவரைப் பற்றி எழுதுகிற மாதிரி நீயே ஒரு பெண்ணைப் பற்றி எழுதினால் எனக்கு அலைச்சல் மிச்சம்.

இருமலைப் பற்றிக் கேட்டாய். மழைக்காலம், எல்லோரும்தான் இருமுகிறார்கள். அதை விடு.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் முனியாயிக்குப் படித்துக் காட்டினேன். முனியாயியை உனக்குத் தெரியாது. தோட்டத்துச் சம்பளத்தில் இல்லை, கொந்தராத்துக்காரனிடம் கூலிக்குப் புல் வெட்ட வருகிறவள். ரெம்பியா பட்டணத்து ஓரத்தில் அத்தாப்பு ஓலைக் குடிசை, ஒரு பையன், புருஷன் இல்லை. நான் ரப்பர் பால் மரம் வெட்டும் நிரைக்குப் பக்கத்தில்தான் அவர்கள் கும்பல் ஒரு மாதமாக நிற்கிறது. என் மாதிரியே தாலி அறுத்தவள் என்பதால் இரண்டே நாளில் ஒட்டிக்கொண்டோம். எனக்கு முடியாத காலையில் வந்து அவளே பத்து மரம் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள். இங்கே அது வழக்கம்தான். யார் வெட்டினாலும் பால் யார் பெயரில் ஊற்றுகிறோமோ அவர்களுக்குத்தான் சம்பளம்.

அவள் கேட்டாள், நானும் கேட்கிறேன். அந்த மெஷின் நெஞ்சுக்குள் பார்த்ததை யாரிடம் சொல்லும்? தோட்டத்துத் துரைக்கும் போகுமா? இதை மட்டும் கேட்டு எழுது.

அக்கா
குஞ்சம்மா


மலாக்கா
20 மார்ச் 1956

அக்காவின் பாதங்களுக்குத் தம்பியின் வணக்கம்.

நான் சுகம், அங்கு அனைவர் சுகத்துக்கும் எழுது. ஒரு பெரிய சேதி! வண்டி வருகிறது. பத்திரிகைகள் வேலிக் கணக்கைப் பெரிதாகப் போட்டுவிட்டன. அரசாங்கப் பக்கம் வெட்கப்பட்டுக்கொண்டு, நாலு மாதம் மட்டும் ஒரு வண்டியைச் சோதனையாக ஓட்டிப் பார்க்கலாம் என்று இறங்கி வந்தது. ஜூன் மாதம் சிம்பாங் அம்பாட், ரெம்பியா தோட்டங்கள்.

சேதி தெரிந்த அன்று கவுன்சிலர் சைக்கிளில் அச்சாபீஸுக்கு வந்தார். கவுன்சிலர் ஆன பிறகும் அதே சைக்கிள்தான். முதலாளி மாலை வாங்கி வரச் சொன்னதற்கு, “மாலைக்கு வெச்சிருக்கிற காசுக்கு இன்னும் அம்பது நோட்டீசு அடிங்க. சனங்க பயப்படாம வரணும்” என்றார். போகும்போது பழைய டிரஸ்ஸர் பழக்கத்தில் என் கையைப் பிடித்துப் பார்த்து, “ஈயம் கோர்க்கிற கை, சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் சாப்பிடணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை கழுவுகிறேன்.

நோட்டீஸ் முப்பது அனுப்பியிருக்கிறேன். லயத்தில் கொடு.

அன்புத் தம்பி
அப்புசாமி


செருலிங் தோட்டம்
12 ஏப்ரல் 1956

தம்பி அப்புசாமிக்கு ஆசி.

இங்கே சுகம். நோட்டீஸ் வந்தது, கொடுத்துவிட்டேன். நான் கேட்டதற்குத்தான் நீ பதில் எழுதவில்லை.

பெத்தம்மாளை உனக்கு நினைவு இருக்கிறதா? எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவள். போன வருஷம் ரத்தமாக இருமினாள். சேதி துரைக்குப் போனது. செக்ரோலில் வேலையாட்கள் வரிசையிலிருந்து அவள் பெயரை அடித்தார்கள். வேலை இல்லாதவருக்குத் தோட்டத்தில் வீடு இல்லை. ஒரு மாதம் தவணை கொடுத்து, சட்டி பானையோடு வெளியே அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாளா, எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது.

உன் மாமா லாரியில் அடிபட்டுப் போன பிறகு, இந்த ஒரு அறை எனக்கு நிற்பது நான் மரம் வெட்டுவதால்தான். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவேன்? கவுன்சிலரிடம் நேராகவே கேள்.

குஞ்சம்மா


மலாக்கா
6 மே 1956

அன்பு அக்காவுக்கு வணக்கம்.

தாமதத்துக்குக் கோபிக்காதே. கவுன்சிலரிடம் கேட்டுவிட்டேன். படத்தைப் பார்ப்பது பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். முடிவு படம் எடுத்தவருக்கு மட்டும்தான் போகும். தோட்டத்துக்குச் சொல்ல மாட்டோம் என்று மேலதிகாரியே அவரிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே ஒரு பயமும் வேண்டாம். முதல் ஆளாகப் போய் நில்.

ஆமாம், இவ்வளவு விசாரிக்கிறாயே, உனக்கு ஒன்றும் இல்லையே?

தம்பி
அப்புசாமி


செருலிங் தோட்டம்
28 ஜூன் 1956

தம்பிக்கு அக்கா ஆசி கூறி எழுதுவது. பிள்ளைகள் சுகம்.

செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பிரட்டுக் களத்தில் நிறுத்தினார்கள். எங்கள் ஆபீஸ் கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிட, பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது நெஞ்சில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாதாம். நர்ஸ் தாலியைக் கழற்றச் சொன்னாள். வந்ததே வினை! பெண்கள் அத்தனை பேரும் திரும்பி நடந்துவிட்டார்கள். புருஷன் உயிரோடு இருக்க யார் கழற்றுவார்கள்? நர்ஸ் மலாயில் கத்துகிறாள், இவர்கள் தமிழில் கத்துகிறார்கள்.

உன் கவுன்சிலர் அங்கேதான் இருந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு நடுவே வந்து, “யாரும் கழட்ட வேணாம் தாயி. கயித்தத் தூக்கித் தாலியப் பல்லுல கவ்விக்குங்க. நெஞ்சும் காலியாயிரும், வாயும் சும்மா இருக்கும்” என்றார். சிரிப்பு வந்துவிட்டது எல்லோருக்கும். அப்புறம் பார்க்க வேண்டுமே, ஒவ்வொருத்தியும் தாலியைக் கவ்விக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றதை. எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

உன் வாயால் கேட்டதைவிட நேரில் அவர் இன்னும் நல்லவராகத்தான் தெரிந்தார். அதை ஒப்புக்கொள்கிறேன். என் பெயருக்கும் படம் எடுத்தாகிவிட்டது.

குஞ்சம்மா


மலாக்கா
25 ஆகஸ்ட் 1956

அன்பு அக்கா,

நலமா என்று கேட்டே கை வலிக்கிறது. ஜூலையில் ஒரு கடிதம், இந்த மாத ஆரம்பத்தில் ஒரு கடிதம் போட்டேன். ஒரு வரி பதில் இல்லை. ஜெயாவுக்கு எழுதத் தெரியுமே, அவளாவது எழுதக் கூடாதா?

தாலி சேதியைக் கவுன்சிலருக்குப் படித்துக் காட்டினேன். குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார். அதையே வைத்து ஒரு நோட்டீஸ் போட்டோம். “ரெம்பியா தோட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் தாமாகவே வந்து நின்றார்கள், ஏழைத் தொழிலாளிக்காகச் செய்த செலவு வீணாகவில்லை” என்று கொட்டை எழுத்தில் கோர்த்தேன். அக்டோபரில் கவுன்சில் கூடும்போது, வண்டியை நிரந்தரமாக்கப் பணம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவரப் போகிறார். இந்த நோட்டீஸ்தான் அவர் கையில் இருக்கும்.

உன் படத்தின் முடிவு வந்ததா? எழுது அக்கா. மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

அப்புசாமி


செருலிங் தோட்டம்
9 செப்டம்பர் 1956

தம்பி அப்புசாமிக்கு,

ஆசி சொல்லத்தான் ஆசை. இதைப் படித்த பிறகும் உனக்கு என் ஆசி வேண்டுமானால் எடுத்துக்கொள்.

முடிவு ஆகஸ்ட் முதல் வாரமே வந்தது. வலது பக்கம் நிழல் இருக்கிறது, சயரோகம், உடனே மலாக்கா ஆஸ்பத்திரிக்கு வரவும் என்று. உறையில் குஞ்சம்மா என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் தோட்டத்துக் கடிதம் எல்லாம் ஆபீஸுக்குத்தானே வரும்? கிராணி பிரித்துப் படித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். மறுநாளே துரை கூப்பிட்டு என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார். வீட்டைக் காலி செய்யத் தீபாவளி வரை தவணை. பிள்ளைகளை எண்ணி ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை.

ஆனால் தம்பி, அந்தப் படம் என் படம் இல்லை.

எனக்கு இரண்டு வருஷமாக இருமல். மழைக்கு வந்தது வெயிலிலும் நிற்கவில்லை. பெத்தம்மாளுக்கு நடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தவள் நான். மெஷின் முன்னால் நின்றால் வீடு போய்விடும், நிற்காவிட்டால் ஏன் வரவில்லை என்று சந்தேகம் வரும். முனியாயிதான் சொன்னாள், “எதுக்குக்கா பயப்படுற? ஒன் நெரைய நான் வெட்டலயா? அது மாதிரி ஒன் பேருக்கு நான் போய் நின்னுட்டு வாரேன். நான் கல்லு மாதிரி இருக்கேன், படம் சுத்தமா வரும்” என்று. கொந்தராத்து ஆட்கள் செக்ரோலில் இல்லாததால் அவர்களை வண்டிக்குக் கூப்பிடவே இல்லை. அன்று கிராணி குஞ்சம்மா என்று கூப்பிட்டதும், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முனியாயி ஏறினாள். நான் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் நெஞ்சில்தான் நிழல் இருக்கிறது. இருமவே மாட்டாள். நாள் முழுக்கப் பாடிக்கொண்டு புல் வெட்டுகிறாள். சொன்னதற்கு, “மெசினு பொய் சொல்லுதுக்கா” என்று சிரித்தாள். இப்போது ஒரு வாரமாக அந்தச் சிரிப்பும் இல்லை, சாயங்காலம் ஆனால் காய்ச்சல் அடிக்கிறது.

நான் வாய் திறக்காவிட்டால் அவள் சாவாள். வாய் திறந்தால், தோட்டத்துச் சனங்கள் ஏமாற்றுக்காரர்கள், இவர்களுக்கா வண்டி என்று உன் கவுன்சிலரைப் பார்த்துக் கவுன்சிலே சிரிக்கும். ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள் என்று நீ வேறு அச்சடித்துவிட்டாய். நல்ல மனுஷன் தலையில் மண் அள்ளிப் போட்டுவிட்டேனே என்று அழுகிறேன்.

நடந்தது எல்லாவற்றையும் அவருக்கே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். கொடுக்காவிட்டாலும் முனியாயியைக் கூட்டிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவேன்.

குஞ்சம்மா


மலாக்கா
17 செப்டம்பர் 1956

என் அக்காவுக்கு,

உன் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும். அதற்கு முன்னால் என் குற்றத்தையும் கேட்டுக்கொள்.

மே மாதம் நான் கேட்டபோது கவுன்சிலர் முழுசாகச் சொன்னது இதுதான்: “தோட்டத்துக்குச் சொல்ல மாட்டோம்னு அதிகாரி வாயாலதான் சொன்னாரு தம்பி. எழுத்துல தரல. அதையும் சேர்த்து அக்காவுக்கு எழுதிரு.” நான் இரண்டாவது பாதியை எழுதவில்லை. எழுதினால் நீ போக மாட்டாய், ஆள் வராவிட்டால் அவர் வண்டி தோற்றுவிடும் என்று நினைத்தேன். அவர் மேல் இருந்த பைத்தியத்தில் அக்காவை மறந்துவிட்டேன். மன்னித்துவிடு.

உன் கடிதத்தையும் உடனே கொடுக்கவில்லை. இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தீர்மானம் முடிந்த பிறகு கொடுத்தால் என்ன என்று புத்தி போனது. முனியாயி பாடுவாள் என்று நீ எழுதியதை நேற்று மறுபடி படித்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை. ஓடிப்போய்க் கொடுத்துவிட்டேன்.

நின்றுகொண்டே படித்தார். நோட்டீஸைப் பற்றிக் கேட்பார், கோபப்படுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

“அப்ப குஞ்சம்மா நெஞ்ச யாரு பார்த்தது?”

எனக்கு அது தோன்றவே இல்லை அக்கா. ஆறு மாதமாக நோட்டீஸ், தீர்மானம் என்று குதித்தேனே தவிர, உன் கூடப் பிறந்தவன் அதைக் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் என்னை எழுப்பி, “அழுறத அப்புறம் வெச்சுக்கலாம். ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் பஸ் ஏறி வரட்டும். ஆஸ்பத்திரி வாசல்ல நான் நிக்கிறேன். அவங்கவங்க பேருல படம் எடுப்போம்” என்றார்.

பஸ் காசு இதில் வைத்திருக்கிறேன்.

அப்புசாமி


மலாக்கா
20 அக்டோபர் 1956

அன்பு அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

முனியாயி அக்காவை நேற்றும் பார்த்தேன். ஊசி போட்டதில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு மேல் படுக்க வேண்டியிருக்குமாம், ஆனால் பிழைத்துக்கொள்வாள் என்கிறார் டாக்டர். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ஆயாவோடு சண்டை போடுகிறாள். உன் படம் சுத்தம், அடுப்புப் புகையும் பழைய சளியும்தான் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சொன்னபோது நீ அழுதிருக்கலாம். அழாமல், “அப்ப நானே நின்னிருந்தா இவள யாரும் பார்த்திருக்க மாட்டாங்கல்ல?” என்று கேட்டாயே, அதைக் கவுன்சிலர் அங்கேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

நேற்றுக் கவுன்சில் கூடியது. கையில் வைத்திருந்த நோட்டீஸை எல்லோருக்கும் காட்டினார். “இதில் நான் அச்சிட்டது தவறு” என்று ஆரம்பித்தார். உன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லாமல், ஒரு தோட்டப் பெண் எழுதியது என்று சொல்லி, நீ அவருக்கு எழுதிய கடிதத்தை முழுக்க இங்கிலீஷில் வாசித்தார். அரசாங்கப் பக்கம் நீ பயந்த மாதிரியேதான் சிரித்தது. ஆள் மாறாட்டத்துக்கா வரிப்பணம் என்று ஒருவர் கத்தினார்.

அவர் பதில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மாறாட்டம் அந்தப் பெண் செய்ததில்லை, நான் செய்தது. மெஷினுக்குப் பணம் கேட்டேன், அவள் தலைக்கு மேல் கூரை கேட்கவில்லை. நோய் கண்டால் வீடு போகும் என்றால் மனுஷர் நோயை மறைப்பார்கள். ஒளித்துவைத்த நோய்க்கு எவ்வளவு செலவு செய்தாலும் அது வீண் செலவுதான்.” பிறகு தீர்மானத்தை மாற்றினார். வண்டிக்கு நிரந்தரப் பணம் வேண்டும். நோய் கண்டவரை, குணமாகும் வரை வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது. முடிவு ஆபீஸ் வழியாகப் போகாமல் ஆள் கையிலேயே சேர வேண்டும். கொந்தராத்து ஆட்களுக்கும் படம் எடுக்க வேண்டும். கம்பிவேலிப் பணமே இதற்குப் போதும் என்று கணக்கும் காட்டினார்.

ஓட்டெடுப்பு நடந்தது. முடிவை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கவுன்சிலர், “நீ எழுதாத தம்பி, நான் போய்ச் சொல்லிக்கிறேன்” என்றுவிட்டார். ஆகையால் இதோடு நிறுத்துகிறேன்.

அப்புசாமி


ரெம்பியா
11 நவம்பர் 1956

தம்பி அப்புசாமிக்கு அக்கா குஞ்சம்மா ஆசி கூறி எழுதுவது.

விலாசம் மாறியிருப்பதைப் பார். நாங்கள் இப்போது முனியாயி குடிசையில் இருக்கிறோம். கவலைப்படாதே, எல்லோரும் சுகம். ஜெயாவுக்குப் பள்ளிக்கூடம் கிட்டத்தில், அவளுக்கு ஒரே கொண்டாட்டம்.

என் படம் சுத்தம் என்ற தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். துரை இரண்டு தடவை படித்துவிட்டு, அப்படியானால் ஜூனில் நின்றது யார் என்று கிராணி மூலம் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். நோய்க்காக வெளியே போகச் சொன்னதை, ஏமாற்றியதற்காக என்று மாற்றிக்கொண்டார். தீபாவளிக்கு முந்தின நாள் வீட்டைக் காலி செய்தோம். எந்த வீட்டுக்காக இவ்வளவும் செய்தேனோ அது போய்விட்டது. அன்றைக்கு அழுதேன். மறைக்க மாட்டேன்.

முனியாயி இடத்தில் கொந்தராத்துக்காரன் என்னைப் புல் வெட்டச் சேர்த்துக்கொண்டான். அவள் பையனும் எங்களோடுதான் இருக்கிறான். குடிசைக்குச் சுண்ணாம்பு அடித்து, பாய் தலையணையை வெயிலில் போட்டு, பாத்திரத்தை எல்லாம் கொதிக்க வைத்தேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது உன் கவுன்சிலர்தான்.

அவர் வந்ததைச் சொல்ல வேண்டும். உன் கடிதம் வந்து சேருவதற்கு முன்னாலேயே, ஞாயிற்றுக்கிழமை, லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார். பஸ்ஸில் வந்து, ரோட்டிலிருந்து மூன்று மைல் மழையில் நடந்து வந்திருக்கிறார். தலை துவட்டத் துண்டு கொடுத்தேன். வாங்காமல் முதலில் சொன்னார், “தோத்துட்டேன் தங்கச்சி. பதினாறு ஓட்டு எதிர்ப்பு. நமக்கு மூணு. வண்டியும் போச்சு.” அந்த மற்ற இருவரும் அன்று தூங்கவில்லை போலிருக்கிறது.

ஜெயித்தவர்கள் மாலையோடு வந்து இந்தத் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன் தம்பி. தோற்றுப்போனதைச் சொல்லப் பதினாலு மைல் வந்த ஒருவரை இப்போதுதான் பார்த்தேன். நீ எழுதிய அத்தனை பக்கமும் அவருக்குக் குறைச்சல்தான்.

ஒன்றுமே கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. முடிவுக் கடிதத்தை இனிமேல் தோட்ட ஆபீஸுக்கு அனுப்புவதில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் அவருக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நனையாமல் இருக்கப் பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவர் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“ஜனவரியில மறுபடி கொண்டு வருவேன். அப்பவும் தோக்கலாம். ஒங்க கடிதாசிய மறுபடி வாசிக்க அனுமதி குடுக்கணும். பேரச் சொல்ல மாட்டேன்” என்றார். அன்று எனக்கு இன்னும் அந்த அறை இருந்தது, பத்து நாளாவது இருந்தது. அதனால் பெயரைச் சொல்லாவிட்டால் சரி என்று தலையை ஆட்டினேன்.

இப்போது யோசித்துவிட்டேன். ஜனவரி நோட்டீஸை நீதானே கோர்ப்பாய்? அதில் ‘ஒரு தோட்டப் பெண்’ என்று போடாதே. இனிமேல் என்னிடமிருந்து பிடுங்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. செருலிங் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் பால் மரம் வெட்டிய குஞ்சம்மா எழுதியது என்று போடு. முனியாயியையும் கேட்டுவிட்டேன். அவள் பெயரையும் போடச் சொல்கிறாள்.

இப்படிக்கு
உன் அக்கா
குஞ்சம்மா